கொல்லிமலைப் பிராண்டு ஐயர்

தமிழ் நூல்களைப் பயில்வார்க்குக் கொல்லிமலை புதுப்பெயரன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி அரசாண்ட மலை அது. பலாவும் தேனும் தினையும் மலிந்த அம்மலையிலே, கண்டார் உள்ளத்தைத் தன் எழிலாலும் நகையாலும் ஈர்த்துப் பின் உயிரைக் கவரும் பாவையொன்று இருந்ததாகப் பழையோர் கூறுவர். கொல்லிப்பாவை என்னும் பெயரைச் சங்கச் சான்றோரும் எடுத்தாண்டுள்ளனர். பாவையின் கதை கதையாகவே நிற்க. அழகு காட்டி அழைத்து நோய் தந்து வருத்தும் பொருளொன்று அம்மலையில் மெய்யாகவே இருந்தது. அது தெளிந்த தண்ணீர். தெளிவை மட்டும் கண்டு தண்ணீரை நம்பலாகாது என்று மலைமக்களுக்கு உணர்த்தி, அதனை நம்பத்தக்கதாக ஆக்கும் வழியையும் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றைச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் ஜெஸி மான் பிராண்டு ஐயர். தொழுநோயாளரின் முடங்கிய கைகளை நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்டின் தந்தை என்றே உலகம் பெரும்பாலும் அவரை அறியும். தந்தையின் பெருமை மகனுடைய புகழின் நிழலில் மறைந்து கிடத்தல் முறையன்று.

இளமை

பிராண்டு ஐயர் 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தார். கட்டடத் தொழிலில் பழகி வளர்ந்தவர். கல்லும் மரமும் அவர் கைக்கு இணங்கியவை. சமயத் தொண்டு புரிய வேண்டும் என்னும் வேட்கை எழுந்தபொழுது, மருத்துவர் இல்லாத இடங்களுக்குச் செல்வோர்க்கு வேண்டிய அளவில் நோயும் மருந்தும் கற்பித்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு பயின்றார். முழு மருத்துவராகப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றி அங்கே பெற்ற அறிவே பிற்காலத்தில் ஒரு மலைநாட்டுக்குப் பெருந்துணையாயிற்று.

1907-ஆம் ஆண்டில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்து அவர் இந்தியா வந்து சேர்ந்தார். அக்காலத்துச் சேலம் ஜில்லாவில், கொல்லிமலையின் அடிவாரத்தை அடுத்த சேந்தமங்கலம் அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கே தமிழ் கற்றார். ஊர்தோறும் சென்று தொண்டு புரிந்தார். ஆனால் அவர் கண்ணும் கருத்தும் கீழ்த்திசை வானை மறைத்து நின்ற மலையை விட்டு நீங்கவில்லை. சமவெளியார் அம்மலைமேல் இரவு தங்க அஞ்சினர். காய்ச்சல் அங்கே குடிகொண்டிருந்ததே அவ்வச்சத்துக்குக் காரணம். மேலே வாழ்ந்த மலையாளிகள் என்னும் மலைவாணர்க்கோ, பள்ளியும் இல்லை, மருத்துவமும் இல்லை. எவரும் செல்லாத இடமே தமக்கு உரிய இடம் என்று அவர் துணிந்தார்.

மலை வாழ்வு

இன்று கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சாலை உண்டு. அந்நாளில் உண்டாயிருந்தவை ஒற்றையடிப் பாதைகளே. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட அவ்வுயரத்துக்கு வேண்டிய பொருள் யாவும் ஆட்களின் தலைமேல் ஏறியே செல்ல வேண்டும். லண்டன் மாநகரில் செல்வக்குடியிற் பிறந்து ஓவியக் கலை பயின்ற ஈவ்லின் ஹாரிஸ் என்னும் அம்மையார், தாமும் தொண்டின் பொருட்டுத் தமிழ்நாடு போந்தவர். அவரைப் பிராண்டு ஐயர் 1913-ஆம் ஆண்டு மணந்தார். மணம் முடிந்த கையோடு, கொட்டும் மழையையும் பொருட்படுத்தாது, இருவரும் மலையேறினர். வாழவந்தியில் அவர் அமைத்த மரவீடே அவர்கள் இல்லமாயிற்று. 1914-இல் பால் பிறந்தார்; பின்னர் கான்னி என்னும் பெண்மகவு தோன்றியது.

ஐயர் மலைமேல் செய்த பணிகள் பலவாம். புண்களைக் கழுவிக் கட்டினார், பல் பிடுங்கினார், மருந்து கொடுத்தார், பள்ளிகள் நிறுவினார், தச்சு வேலையும் பிற தொழில்களும் கற்பித்தார், பழமரத் தோட்டங்கள் அமைத்தார். மலைவாணர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைக் கண்டவிடத்து அவர்களுக்காகப் பரிந்து பேசினார். இவ்வளவும் செய்தும் பல ஆண்டுகள்வரை அவருடைய சமயத்தைத் தழுவுவார் ஒருவரையேனும் அவர் கண்டாரில்லை. மருந்தைப் பெற்றுக்கொண்டவர்கள் மனத்தை எளிதில் தரவில்லை. அயலார் சொல்வதை உடனே ஏற்காமை அவர்கள் குற்றமன்று. மலைமேல் ஏறிவந்த அயலாரால் அவர்கள் அதற்குமுன் பெற்ற நன்மை மிகச் சிறிதே.

நரம்புச்சிலந்தி

மலைமக்களை வருத்திய நோய்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி. முதலில் காலிலோ பாதத்திலோ நெருப்புச் சுட்டாற்போன்ற கொப்புளம் எழும். கொப்புளம் உடைந்தால் அதனுள் வெண்ணிறமான நூல்போன்ற புழுவின் முனை தோன்றும். அப்புழு நீட்டினால் முழங்கை அளவையும் கடந்து, சிற்சில வேளை ஒரு மீட்டரையும் எட்டும். அதனை இழுத்து எடுத்துவிடலாம் என்று எண்ணுதல் பேதைமை. இழுக்க அறுந்தால், உள்ளே நின்ற பகுதி சீழ்வைத்துக் காலையே வீங்கச் செய்யும். ஒரு சிறு குச்சியில் அதன் முனையைச் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாகப் பல நாளும் சில வேளை பல வாரமும் பொறுமையோடு சுற்றிச் சுற்றியே வெளிக்கொணர வேண்டும். பிராண்டு ஐயர் இவ்வாறு எடுத்த புழுக்கள் பல. தந்தையார் அருகில் நின்று இதனைக் கண்ட காட்சி சிறுவனாகிய பாலின் உள்ளத்தை விட்டு முதுமையிலும் அகலவில்லை.

நோயாளி உயிர் துறப்பது அரிது. ஆனால் உழுவதற்கும் விதைப்பதற்கும் உரிய பருவத்தில் உழவன் எழுந்து நடக்க இயலாது கிடப்பானாயின், அவ்வாண்டு அவன் குடும்பத்துக்கு உணவேது? ஆதலின் நரம்புச்சிலந்தி காலைப் பிடித்த நோயாயினும் வயிற்றை வாட்டிய நோயாயிற்று.

இந்நோயின் பிறப்பை அறிஞர் அறிந்துகொண்டது ஒரு நூற்றாண்டின் கடைப்பகுதியிலேதான். 1870-ஆம் ஆண்டளவில் துருக்கிஸ்தானத்தில் ஆராய்ந்த ரஷிய அறிஞர் பெத்செங்கோ, இப்புழுவின் குஞ்சுகள் நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிக்குள் புகுந்து வளர்வதைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீப்பர் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், அப்பூச்சியை நீரோடு விழுங்கியபின் இரைப்பையின் புளிநீரில் பூச்சி மடிய, உள்ளிருந்த குஞ்சு விடுபட்டு உடலுள் செல்வதை விளக்கினார். வளர்ந்த பெண்புழு ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் காலை நோக்கி இறங்கி வருகின்றது. எரிச்சல் தாங்காத நோயாளி காலைக் குளிர்ந்த நீரில் வைக்கின்றான். வைத்த அளவிலே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்நீரில் உமிழ்கின்றது. அதே நீரைப் பின்வருவார் முகந்து பருகுகின்றனர். இவ்வாறு ஒருவன் கால்வழி வந்த நோய் ஊரார் வாய்வழி புகுந்து, மறுவாண்டு அவர்கள் கால்வழி வெளிப்படுகின்றது.

துணியும் சுவரும்

இச்சக்கரத்தை எவ்விடத்திலேனும் அறுத்துவிட்டால் நோய் அழியும். அதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டுவதில்லை. சைக்ளாப்ஸ் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவினது; கூர்ந்து நோக்குவார் கண்ணுக்குப் புள்ளிபோல் தோன்றக்கூடியது. நெருக்கமாக நெய்த துணியின் கண்கள் அதனைவிடச் சிறியவை. ஆதலின் குடிக்கும் நீரைத் துணியில் வடித்தல் ஒருவழி. நீர்நிலையில் எவரும் கால்வையாதபடி சுவரெடுத்து, மேலே நின்று முகக்கச் செய்தல் மற்றொருவழி. பூச்சிகளை உண்ணும் சிறுமீன்களை நீரில் விடுதல் மூன்றாவது வழி. பிராண்டு ஐயர் இவற்றை மலைமக்களுக்கு எடுத்துரைத்தார். குடிநீரில் கால்வைத்தலைத் தடுத்தார்.

நீரை வடித்துக் குடித்தல் இந்நாட்டுக்குப் புதிதன்று. நீரிலுள்ள சிற்றுயிர்க்குத் தம்மால் தீங்கு நேரலாகாது என்று சமணர் பண்டுதொட்டே நீரை வடித்துப் பருகினர். சமணர் உயிரை நம்மிடமிருந்து காத்தனர். ஐயரோ நம்மை உயிரினிடமிருந்து காத்தார். நோக்கம் வேறாயினும் துணி ஒன்றே.

ஆயினும், துணியைக் கொடுப்பது எளிது. அது பயன்பட்டதா என்பதை மெய்ப்பிப்பது அரிது. இவ்விடத்தை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வடிக்குமுன் இருந்த நீரும் தெளிவாகவே தோன்றியது. வடித்தபின் உள்ள நீரும் தெளிவாகவே தோன்றுகின்றது. கண்ணுக்கு வேறுபாடு இல்லை. சுவைக்கும் வேறுபாடு இல்லை. இன்று வடித்த நீரின் நன்மை இன்று தெரியாது, நாளையும் தெரியாது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் ஊராரின் கால்களைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். இடையில் ஒருநாள் கழனியில் தாகம் மிகுந்து வடிக்காத நீரைப் பருகினால், அல்லது துணியில் விரல் நுழையும் கிழிசல் ஒன்று இருந்தால், ஆண்டு முழுதும் செய்த முயற்சி அவ்வொருவன் அளவில் வீணாகும். அவனால் மீண்டும் ஊர்நீர் கெடும். துணியில் குற்றமா, பழக்கத்தில் குற்றமா, சொன்னவர் சொல்லில் குற்றமா என்று ஊரார் ஐயுறுவர்.

கொத்தன் சுவர் நேராக இருக்கின்றது என்று கண்ணால் பார்த்துச் சொல்லுவதில்லை. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுச் சொல்லுகின்றான். கட்டடத் தொழிலிற் பழகிய பிராண்டு ஐயர்க்கு நரம்புச்சிலந்தியின் வகையில் வாய்த்த தூக்குக் குண்டு ஓராண்டு நீளமுள்ளது. அதனைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. அவரும் அம்மையாரும் ஆண்டுதோறும் அதே மலையில், அதே மக்களிடையே, அதே கால்களைக் கண்டு வாழ்ந்தனர். ஒருநாள் வந்து உரையாற்றிச் சென்றவர்க்கு இவ்வறிவு கிட்டியிராது. அவர்கள் உழைத்த இடங்களில் நோய் குறைந்து மறைந்தது.

கொள்ளைநோய்

நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பதற்கு வேறொரு நிகழ்ச்சி சான்றாகும். 1918-19-ஆம் ஆண்டுகளில் உலகையே வாட்டிய இன்புளூயன்ஸா கொல்லிமலையிலும் ஏறியது. நோயுற்றாரை உற்றாரும் விட்டு ஓடினர். ஐயரும் அம்மையாரும் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகச் சென்று ஊட்டினர். அதுவரை அவர்களை எதிர்த்து நின்ற மலைக்கோயிற் பூசாரி ஒருவர், தம் இறுதி நெருங்கியதை உணர்ந்து, தம் மக்களை அவர்கள் கையிலேயே ஒப்புவித்து உயிர் நீத்தார். அதன்பின் மலைமக்கள் அவர்களை நோக்கிய நோக்கு மாறியது. கண்ணுக்குப் புலப்படாத ஒரு தீங்கைப்பற்றி ஒருவர் சொல்லும்பொழுது, அத்தீங்கை நாம் காண இயலாது. சொல்லுபவரையே காண இயலும். கஞ்சி கொண்டுவந்த கையையே மக்கள் நம்பினர்.

மறைவு

1923-ஆம் ஆண்டு ஐயர் குடும்பத்தோடு தாய்நாடு சென்றார். கல்வியின் பொருட்டுப் பாலையும் கான்னியையும் லண்டனில் உறவினரிடம் விட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் மலைக்கு மீண்டனர். பிரிவின் துயரை ஐயர் கடிதங்களால் ஆற்றிக்கொண்டார். மரம், பூச்சி, பறவை முதலிய மலைப்பொருள்களை விரித்து மகனுக்கு இடைவிடாது எழுதிவந்தார். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சல் அவரைப் பற்றியது. சில நாளில், நாற்பத்து நான்கு வயதளவில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். தந்தி விரைந்து லண்டன் சேர்ந்தது. கப்பலில் வந்த கடிதங்களோ, எழுதிய கை ஓய்ந்த பின்னும் வாரந்தோறும் பதினைந்து வயதும் நிரம்பாத மகன் கைக்கு வந்துகொண்டேயிருந்தன.

மலேரியாவைக் கொசு கொணர்கின்றது என்பதை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டிலேயே செகந்திராபாத்தில் கண்டறிந்திருந்தார். அறிந்த நோயே ஐயரைக் கொன்றது. நீரைத் துணியால் தடுக்கலாம். மலைக்காற்றில் பறக்கும் கொசுவை ஒரு துணியால் தடுத்துவிட இயலவில்லை. காரணத்தை அறிவது வேறு. காரணத்துக்கும் மனிதனுக்கும் இடையே ஓட்டையில்லாத வேலி அமைப்பது வேறு. இவ்வேறுபாட்டை அவருடைய வாழ்வும் சாவும் ஒருங்கே உணர்த்துகின்றன.

பின் நிகழ்ந்தவை

அம்மையார் மலையை விட்டகலவில்லை. ஓய்வு பெறும் வயது வந்தபொழுதும் ஓயாது, மட்டக்குதிரைமேல் அயல்மலைகளுக்கும் சென்று தொண்டாற்றி, நரம்புச்சிலந்தியை ஒழிக்கும் பணியையும் தொடர்ந்து, 1974-ஆம் ஆண்டு தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கணவர் கல்லறையின் அருகே கொல்லிமலையிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். பால் பிராண்டு 1946-ஆம் ஆண்டு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளர்க்கு அறுவை மருத்துவம் புரிந்து உலகப் புகழ் எய்தி, 2003-இல் காலமானார்.

ஐயர் ஒரு மலையில் தொடங்கிய பணியை இந்திய அரசு 1980-களின் தொடக்கத்தில் நாடு முழுதுக்கும் உரியதாக மேற்கொண்டது. 1984-ஆம் ஆண்டில் கணக்கெடுக்கப்பட்ட நோயாளர் ஏறத்தாழ 40,000 பேர். அரசு கையாண்ட கருவிகளும் பெரும்பாலும் வடிகட்டும் துணியும், படிக்கிணறுகளுக்கு மாற்றாகப் பாதுகாப்பான நீர்நிலையும், நீர்ப்பூச்சியை அழிக்கும் மருந்துமே. கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலையில் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார். அன்றே நோய் ஒழிந்தது என்று எவரும் முழங்கவில்லை. மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஊர் ஊராகத் தேடி, நோயைக் காட்டுவார்க்குப் பரிசும் அறிவித்து, எங்கும் இல்லை என்று தெளிந்த பின்னரே 2000-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. உலகெங்கும் 1986-இல் 35 லட்சம் பேரை வருத்தியதாக மதிக்கப்பட்ட இந்நோய், 2023-இல் பதினான்கு பேரிடம் மட்டுமே காணப்பட்டது.

இக்காலத்து வடிகட்டி

இன்று நீர்த்தட்டுப்பாடு நகரங்களை நெருக்குகின்றது. கழிவுநீரையே தூய்மை செய்து மீண்டும் பயன்கொள்ளும் காலம் வந்துவிட்டது. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் கழிவுநீர் நுண்ணிய சவ்வுகளின் வழியே வடிக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்படுகின்றது. சிங்கப்பூரில் இத்தகைய நீர் நீர்த்தேக்கங்களில் கலந்து மக்கள் பருகும் நீராகவும் ஆகின்றது. அச்சவ்வு பிராண்டு ஐயர் காட்டிய துணியின் கொள்ளுப்பேரனே. துணியின் கண்ணைவிட அதன் கண் பல்லாயிர மடங்கு சிறியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குள்ள பாக்டீரியாவும், அதனினும் பன்மடங்கு சிறிய வைரஸும் அதனால் தடுக்கப்படுகின்றன.

ஆனால் கேள்வி பழைய கேள்வியே. தடுக்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? நீரின் தெளிவு போதிய சான்றன்று. 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில், அக்காலச் சட்டம் விதித்த தெளிவின் எல்லைக்குள் நின்ற குடிநீரால் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்குற்றனர். ஊராரின் கால்களை ஓராண்டு பார்த்திருப்பதும் இங்கே ஆகாது. மக்கள் நோயுறுவதையே சோதனையாகக் கொள்ளலாகாதன்றோ? ஆகவே அறிஞர் வேறு தூக்குக் குண்டுகளை அமைத்துள்ளனர். மனிதர்க்குத் தீங்கு செய்யாத, பாக்டீரியாவை மட்டும் பற்றும் நுண்ணுயிர்களை எண்ணி நீரில் விட்டு, சவ்வைக் கடந்து எத்தனை வந்தன என்று எண்ணுகின்றனர். பதினாயிரத்தில் ஒன்று கடந்தால் நான்கு படி என்றும், லட்சத்தில் ஒன்று கடந்தால் ஐந்து படி என்றும் கணக்கிடுகின்றனர். இது சவ்வின் திறத்தை அறியும் சோதனை. அத்திறம் இன்றும் குறையாது நிற்கின்றதா என்பதை அறிய மற்றொரு சோதனை உண்டு. நனைந்த சவ்வின் ஒருபுறத்தில் காற்றை அழுத்தி அடைப்பர். சவ்வு முழுமையாக இருந்தால் அழுத்தம் நிற்கும். எங்கேனும் கிழிசல் இருந்தால் காற்றுக் கசிந்து அழுத்தம் இறங்கும். நூற்றுக்கணக்கான இழைகளில் ஓரிழை அறுந்தாலும் போதும். அவ்வழியே நோய் நுழையும். இச்சோதனைக்கும் எல்லை உண்டு. மிகச் சிறிய வைரஸ் நுழையும் அளவான துளையை அது காட்டாது. ஆதலின் ஒரு சோதனையை மட்டும் நம்பாது, ஒரு வேலியை மட்டும் நம்பாது, அடுத்தடுத்து வேலிகள் அமைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கின்றனர்.

முடிவுரை

பிராண்டு ஐயர் பெருநூல் எழுதியவரல்லர், புதுக்கருவி கண்டவருமல்லர். பிறர் கண்ட உண்மையை, அது வேண்டப்பட்ட இடத்துக்குத் தம் காலால் நடந்து கொண்டுசென்றவர். அவர் தம் நீண்ட சோதனையின் முடிவைக் காணவில்லை. அவர் மறைந்து அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரே இந்நாட்டின் கடைசி நரம்புச்சிலந்தி வெளிப்பட்டது. ஆயினும் சோதனையை இடையில் நிறுத்தாது அடுத்தவர் கையில் கொடுத்துச் சென்றார்.

நம்மிற் பலர் நாளை ஊர்க்குடிநீரைக் காக்கும் பொறுப்பில் அமரலாம். அமராதாரும் அந்நீரைப் பருகவே போகின்றோம். வடிகட்டி உண்டு என்னும் சொல்லோடு அமைந்துவிடாது, அது இன்று முழுமையாக உள்ளதா என்று ஒவ்வொரு நாளும் கேட்பவரே மக்கள் உயிரைக் காப்பவர். அழகிய கொல்லிப்பாவை இன்னும் நகைத்துக்கொண்டுதான் இருக்கின்றாள். அவள் நகைக்கு மயங்காத கண் நமக்கு வேண்டும்.